மீசை மார்க் பன்னீர் சோடா

ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தால் அதில் அச்சாகியிருக்கும் ஒரு எழுத்தைக்கூட விடாமல் மைக்கில் வாசிப்பது பாஸ்கலின் வழக்கம். ஜவுளிக்கடைத் திறப்பு விழா என்றால், கடைசி வரியில் பொடி எழுத்தில் கிடக்கிற அச்சகத்தின் பெயர், போன் நம்பர், 'பிரதிகள் ஆயிரம்' என்பது வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அப்படிப்பட்ட மனிதர் தம் ஆயுளில் ஒரே ஒரு தடவை இரண்டு தெருக்களை வாய் திறக்காமல் தாண்டிப் போனார். சீனித்தாயின் வீட்டுக்காரர் ராஜதுரை இறந்த அன்றைக்கு அது.

ராஜதுரை முத்தையாபுரத்தில் பன்னீர் சோடா போட்டு கடைகளுக்குக் கொடுத்துவந்தவர். காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆறுமுகநேரி போனவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரர்கள் பாஸ்கலின் விளம்பர ஆட்டோவைப் பிடித்து, துக்கச் செய்தியை எல்லாத் தெருவிலும் சொல்லச் சொன்னார்கள். மகள் உமாராணி அன்றைக்குப் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு இன்னும் போகவில்லை. பாஸ்கல் பள்ளிக்கூடத் தெரு முனையில் மைக்கை அணைத்தவர், அடுத்த தெருவையும் தாண்டித்தான் மறுபடி போட்டார். "ரெண்டு தெருவை அப்படியே முழுங்கிட்டீரேவே" என்று ராஜதுரையின் தம்பிமார் ஆளுக்கொரு பக்கம் வைதார்கள். "ஒயர் லூசாப் போச்சு அண்ணாச்சி" என்று பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளைக் கூட்டிவந்து சொன்னார்கள்.

ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சீனித்தாய்க்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பனிமய மாதா திருவிழாவில் சோடா விற்கப் போன இடத்தில் பாஸ்கலின் மனைவி பிளாரன்ஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பாஸ்கல் சாகிறவரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டவன் சிலபேருக்கு வாயைப் பெரிதாகக் கொடுத்து, பேசக்கூடாத இடத்தையும் கூடவே காட்டிக் கொடுத்துவிடுகிறான்.

வாய் பெரியதுதான். பாஸ்கலின் அப்பாவும் அப்பாவுக்கு அப்பாவும் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர்கள். பாஸ்கலையும் வாலிபத்தில் ஒரு தோணியில் ஏற்றி அனுப்பினார்கள். கரை கண்ணுக்கு மறையும் முன்னே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. போன வேகத்தில் எதிரே வந்த வள்ளத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எங்க வம்சத்துலயே தண்ணியக் கண்டு பயந்த மொத ஆளு நாந்தான். அந்தப் பெருமைய எவனும் எங்கிட்ட இருந்து பறிக்க முடியாது" என்பார். கடல் கைவிட்ட பிறகு மைக்கைப் பிடித்தார். கடைத் திறப்பு, அரிசி விலைக் குறைப்பு, அசன விருந்து, கண் சிகிச்சை முகாம், துக்கம் எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் குரலைப் பதிவுபண்ணி ஓடவிட்டபோது, இவர் மட்டும் வாயில் பனங்கற்கண்டை அடக்கிக்கொண்டு நேரடியாகவே பேசினார்.

ராஜதுரைக்குப் பிறகு சீனித்தாய் சோடாவை விடவில்லை. பாட்டில் லேபிளில் வீட்டுக்காரரின் படத்தை அச்சடித்தாள். நல்ல முறுக்கு மீசை வைத்த படம். உப்பளத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் அந்தச் சோடாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, படத்தைப் பார்த்து "ராஜதுரை அண்ணாச்சி, நல்லாருக்கீயளா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கு அது கோயில் மணி கேட்டது போலிருக்கும்.

ஒரு கோடையில் அதற்கு மோசம் வந்தது. பெரிய குளிர்பானக் கம்பெனி ஒன்று கடைகளுக்கெல்லாம் இலவசமாகக் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை, அதற்குள்ளே வேறு ஆள் சரக்கு இருக்கக்கூடாது. சீனித்தாயின் பாட்டில்கள் வெளியே வெயிலில் பெட்டியோடு நின்றன. சூடான பன்னீர் சோடாவை யார் குடிப்பார்கள்? கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். முக்குக்கடை நல்லக்கண்ணு அண்ணாச்சி மட்டும் நேரில் வந்து சொன்னார்.

"மனசுல வச்சிக்காத தாயி. ராஜதுரை என் கூட்டாளி. ஆனா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவன் மூஞ்சி தெரிஞ்சா கம்பெனிக்காரன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவான்."

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் உமாராணி போனில், "அம்மா, மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு எங்கூட வந்துருங்க" என்றாள். வைகாசி விசாகம் வரைக்கும் பார்ப்போம், அப்புறம் செந்தூர் முருகன் விட்ட வழி என்று சீனித்தாய் நாளைத் தள்ளினாள். கடைசி முயற்சியாக பாஸ்கலைக் கூப்பிட்டு, தெருத்தெருவாக நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டாள்.

"என்ன சொல்லணும் தங்கச்சி? நோட்டீஸ் இருக்கா?"

"நோட்டீஸ் எல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்களே ஏதாவது நல்லதாச் சொல்லுங்க."

அச்சில் இல்லாததை பாஸ்கல் சொன்னதில்லை. அவர் கலக்கத்தோடு வீட்டுக்குப் போனார். அங்கே பிளாரன்ஸ், தாத்தா காலத்துக் கப்பல் பெட்டியைக் குசினி வாசலில் கவிழ்த்துப்போட்டு, சோப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி மூடியின் உள்பக்கம் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தின உள்ளூர் வாரப் பத்திரிகை. பாஸ்கல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏளா, தண்ணியக் கொட்டிராத!"

அந்தப் பிற்பகல் முழுக்க அவர் மூடியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் சீனித்தாயையும் கூட்டிவந்து தரையில் உட்காரவைத்து, சுவிசேஷம் வாசிக்கிற குரலில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

"'கேச விருத்தித் தைலம்! வழுக்கையில் ரோமம் முளைக்காவிடில் எமது பெயரை மாற்றிக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.' எப்படிப்பட்ட ஆளு பாரு! 'பல் கட்டும் டாக்டர் இவ்வூர்ச் சத்திரத்தில் சொற்ப தினங்களே தங்குவார். பல்வலியுள்ள கனவான்கள் தாமதியாதீர்.' பல்லு வலிக்கப்பட்டவன்லாம் கனவான்தான் அந்தக் காலத்துல. இங்கன பாரு, 'புகைப்படம்! உள்ளதைக் காட்டிலும் அழகாய்ப் பிடித்துத் தரப்படும்.' இதுக்கு நான் என் கல்யாணத்தன்னைக்கே போயிருக்கணும்."

"ஆமா, நானும் கூட வந்திருப்பேன். மாப்பிள்ளைய மாத்திப் பிடிச்சித் தரச் சொல்லி" என்றாள் பிளாரன்ஸ்.

பாஸ்கலின் விரல் சட்டென்று ஒரு இடத்தில் நின்றது. "'கொழும்பு யாத்திரை செய்வோருக்கு. கடல் மயக்கத்தையும் வாந்தியையும் தட்சணமே நிறுத்தும் குளிகை.' மாதாவே! இந்த மூடிக்குள்ளயே மாத்திரைய வச்சிக்கிட்டு எங்க அப்பன் என்னைத் தோணியில ஏத்திவிட்டிருக்கானே!"

சீனித்தாய் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜதுரை போன பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூடியின் மூலையில்தான் அவருக்கு வேண்டியது கிடைத்தது. ஒரு சோடாக் கம்பெனி விளம்பரம். பாஸ்கல் அதில் கம்பெனிப் பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றிக்கொண்டார். சோடாவுக்கு என்ன மார்க் என்று கேட்டபோது சீனித்தாய்க்குத் தெரியவில்லை. "அதான் மீசை இருக்கே" என்றார் பாஸ்கல். மற்றபடி அச்சில் உள்ளதை வெட்டுகிற பாவத்தை அவர் செய்யவில்லை.

"ஒரே ஒரு குறைதான் தங்கச்சி. அந்தக் காலத்து விளம்பரம் எல்லாத்துக்கும் கீழ தாசில்தாரோ சப் மாஜிஸ்ட்ரேட்டோ ஒரு நற்சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காக. நமக்கு எந்த ஆபீசரு எழுதிக் கொடுப்பாரு?"

மறுநாள் காலை முத்தையாபுரத்துத் தெருக்களில் ஆட்டோ கிளம்பியது.

"மஹாஜனங்களே! கனவான்களே! சீமாட்டிகளே! சோடா! சோடா! இயந்திரத்தால் சுத்திசெய்யப்பட்ட ஜலத்தினால், ஜனோபகாரமாகத் தயாரிக்கப்பட்ட ராஜதுரை பன்னீர் சோடா! தாகம், களைப்பு, அஜீரணம், மனச்சோர்வு ஆகியவை பறந்தோடும்! ஒருமுறை பரீட்சித்தால் உண்மை விளங்கும்! எச்சரிக்கை! போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்! மீசை மார்க்கைக் கவனித்து வாங்கவும்! மீசை இல்லாதது எமது சோடா அன்று! வெளியூர்களுக்கு ரயில் மார்க்கமாக அனுப்பப்படும்!"

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சீமாட்டி என்றதும் வாளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள். துறைமுகத்து வேலைக்குப் போகிறவர்கள் கனவான்களே என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் டீக்கடையெல்லாம் அதே பேச்சு.

"போலி வருதாமே!"

"வராமலா மைக்குல சொல்லுதான்? சரக்கு அம்புட்டு ஒசத்தியா இருக்கப்போயித்தான போலி போடுதான்."

அவ்வளவுதான். உப்பளத்து ஆட்கள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, மீசை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்து மீசையைச் சரிபார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தார்கள். திருப்பி அனுப்பிய பெட்டிகளைக் கடைக்காரர்கள் தாங்களே வந்து எடுத்துப்போனார்கள். நல்லக்கண்ணு அண்ணாச்சி கம்பெனி பாட்டில்களுக்குப் பின்வரிசையில் ராஜதுரையை ஒளித்துவைத்தார். கம்பெனிக்காரர் வருகிற பைக் சத்தம் கேட்டால் நண்பரை வெளியே எடுத்து ஈரச்சாக்கைப் போட்டு மூடுவார். அவர் தலை மறைந்ததும் மறுபடி உள்ளே குளிரில் உட்காரவைப்பார். போலியை மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்றும் நாலு பேரிடம் சொல்லிவைத்தார்.

சீனித்தாய் இரவும் பகலும் சோடா போட்டாள். மிஷினுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். ஆனால் பேச்சு நிற்கவில்லை. போலியைக் கிணற்றுத் தண்ணீரில் போடுகிறார்களாம் என்றார்கள். போலியைக் குடித்த ஒருவருக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்காம் என்றார்கள். யாருக்கு என்று கேட்டால் அவரவர் சித்தப்பாவுக்கு.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஜெனோ வந்து நின்றான். கைக்குழந்தைக்காரன். அவனும் வீட்டிலேயே சோடா போட்டு, லேபிள் ஒட்டாத பாட்டிலில் விற்கிறவன். முகத்தை மழமழவென்று சிரைத்திருப்பான்.

"யக்கா, என் சோடா போலியாக்கா?"

"யாருலே அப்படிச் சொன்னது?"

"எல்லாருந்தான். மீசை இல்லாதது போலின்னு நீங்கதான சொல்ல விட்டிருக்கீய. வண்டிகிட்ட ஒரு ஈ வரமாட்டேங்கு. பாட்டிலப் பாக்கான், என் மூஞ்சியப் பாக்கான், போயிருதான்."

சீனித்தாய்க்கு அன்று விளக்கேற்றும்போது முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் படத்தையும் பார்க்க முடியவில்லை. யாரும் போடாத போலிக்கு யாரோ ஒரு ஏழை பழி சுமக்கிறான், அந்தப் பழியில் தன் வியாபாரம் ஓடுகிறது. விடிந்ததும் பாஸ்கலிடம் போனாள்.

"அண்ணாச்சி, போலின்னு ஒண்ணு இல்லன்னு அதே மைக்குல சொல்லிருங்க."

"தங்கச்சி, நான் எப்ப போலி இருக்குன்னு சொன்னேன்? ஏமாறாதீங்கன்னுதான சொன்னேன். சாமியாரு ஞாயித்துக்கெழமை தோறும் களவாங்காதீங்கன்னு சொல்லுதாரு. அதுக்காக பெஞ்சில இருக்கிறவன் எல்லாம் களவாணியா?"

"கேக்குறவுக அப்படியா எடுத்துக்கிடுதாக? ஜெனோ வீட்டுல அடுப்பு எரியல."

பாஸ்கலின் சிரிப்பு நின்றது. ஜெனோ சங்கதி அவருக்குத் தெரியாது. "அப்போ உன் யாவாரம்?"

"போனாப் போகட்டும். அவுக மூஞ்சியை ஒட்டிவச்சிக்கிட்டுப் பொய்யிலே விக்கமாட்டேன்."

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜெயகணேஷ் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி, இளவயது, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"போலி சோடா நடமாடுதுன்னு மைக்ல சொன்னது நீங்கதானா? யார் தயாரிக்கிறாங்க? எந்த இடம்? எழுதிக் கொடுங்க, இன்னிக்கே ரெய்டு போறேன். இல்ல, பொய்யின்னா அதையும் சொல்லுங்க. பொதுமக்களைப் பயமுறுத்தினதுக்கு இந்தம்மா லைசென்ஸ் போயிரும்."

பாஸ்கல் வாயைத் திறப்பதற்குள் சீனித்தாய் முந்திக்கொண்டாள். "போலியே இல்ல சார். பழைய பேப்பர்ல இருந்ததை அப்படியே வாசிச்சிட்டாக. தப்பு எங்க மேலதான். லைசென்ஸ எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. ஆனா அந்த ஜெனோ பையன் சோடா நல்ல சோடான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க."

லைசென்ஸை எடுத்துக்கொள் என்று ஒருவர் தாமே நீட்டியதை ஜெயகணேஷ் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பேப்பரைப் பார்க்கவேண்டும் என்றார். பாஸ்கல் பெட்டி மூடியைக் காட்டினார். பார்த்தார். கேசத் தைலத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது போலிருந்தது. பிறகு இரண்டு பேருடைய சோடாவிலும் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று ஒரு தாளை பாஸ்கலிடம் கொடுத்தார்.

"மறுப்பு அறிவிப்பு. எந்தெந்தத் தெருவுல முதல்ல சொன்னீங்களோ அத்தனை தெருவுலயும் இதை வாசிக்கணும். ஒரு எழுத்து கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது."

"என் தொழிலே அதுதான சார்" என்றார் பாஸ்கல், தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக.

சீனித்தாய் ஆட்டோவுக்குப் பின்னாலேயே நடந்தாள். இன்றோடு முடிந்தது, மிஷினை எடுக்க இரும்புக்கடைக்குச் சொல்லி அனுப்பவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். பாஸ்கல் பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு, திருவிழாக் கொடியேற்றத்துக்கு வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"உணவுப் பாதுகாப்பு அலுவலரின் அறிவிப்பு! ராஜதுரை பன்னீர் சோடாவுக்குப் போலியான தயாரிப்பு எதுவும் சந்தையில் இல்லை என்பது ஆய்வில் தெரியவந்துள்ளது! மேற்படி சோடாவும், பேருந்து நிறுத்தத்தில் ஜெனோ என்பவர் விற்கும் சோடாவும் ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டு, தரமானவை எனக் கண்டறியப்பட்டுள்ளன! எனவே பொதுமக்கள் அச்சமின்றி அருந்தலாம்! ஒப்பம், ஜெயகணேஷ்! உணவுப் பாதுகாப்பு அலுவலர்! நகல், அலுவலகக் கோப்பு!"

பாஸ்கல் மைக்கை அணைத்தார். பிறகு நல்லக்கண்ணு அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"கேட்டீயளாடே? கெவர்மெண்டே சொல்லிட்டு! இவ போடுத சோடாவ எவனாலயும் காப்பியடிக்க முடியலையாம்!"

அன்று ஜெனோவின் வண்டியில் பாட்டில் மிஞ்சவில்லை. சீனித்தாயின் வாசலில் முத்தையாபுரம் தாண்டி ஸ்பிக் நகரிலிருந்தெல்லாம் வந்து பெட்டி கேட்டார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய் முருகன் முன்னால் நின்றாள். சொன்னதில் பொய் இல்லை, கூட்டினது ஒன்றும் இல்லை. இப்போது வீட்டுக்காரரின் மீசையை அவளால் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது.

சாயங்காலம் பாஸ்கல் சீனித்தாயின் வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தபோது ஜீப் மறுபடி வந்தது.

"நான் மறுப்புதானே எழுதிக் கொடுத்தேன்? இதென்ன விளம்பரம் மாதிரி ஊரே பேசுது? என் பேரையெல்லாம் ஏன் வாசிச்சீங்க?"

"அச்சில இருந்துச்சு சார்" என்றார் பாஸ்கல். "குறைக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீய?"

ஜெயகணேஷ் தாளை வாங்கி மறுபடி வாசித்தார். தாம் எழுதியது தவிர அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு, "ஒரு சோடா குடுங்கம்மா" என்றார். மீசையைக் கவனித்துத்தான் வாங்கினார்.

அவர் போன பிறகு பாஸ்கல் சிரித்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது. "தாசில்தாரு நற்சாட்சி இல்லையேன்னு குறைப்பட்டோம் பாத்தியா தங்கச்சி? மாதா வீட்டு வாசலுக்கே அனுப்பிட்டா."

விசாகத்துக்குச் சீனித்தாய் திருச்செந்தூர் போனாள். மிஷினை விற்கவில்லை. ஜெனோவுக்குச் சொந்தமாக ஒரு லேபிள் அச்சடித்துக் கொடுத்தாள். அவன் மீசை வளர்க்கப் பார்த்து, சரியாக முளைக்காமல், கடைசியில் குழந்தை படத்தைப் போட்டுக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழித்து பாஸ்கலுக்குத் தொண்டை கட்டியது. பனங்கற்கண்டுக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் திறக்கவில்லை. சென்னையில் இருக்கும் மகள் டயானா வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போனாள். வழியனுப்பச் சீனித்தாய் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தாள். அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அவர் அங்கேயே கர்த்தருக்குள் அடங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அது தெரியாது. ரயில் கிளம்புகிற நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாஸ்கல் கையைக் காட்டி அவளைக் கிட்டே கூப்பிட்டார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. சீனித்தாய் ஜன்னல் கம்பியில் காதை வைத்துக் கேட்டாள்.

"தங்கச்சி, என்னைக்காவது ஒருத்தன் நெசமாவே உன் சோடாவுக்குப் போலி போட்டான்னா, போலீசுக்குக் கீலீசுக்குப் போயிராத. எனக்கு ஒரு போன் போடு. ரெண்டு பேருமாப் போயி அவனுக்கு ஒரு மாலை போட்டுட்டு வருவோம்."